உமிக்கரி முகமூடி

எனக்கு அமோனியா என்றால் பயம். இதை எங்கள் ஆய்வுகூடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. கிளிநொச்சியில் அந்த வாயுவைப் பிடித்து அடைப்பதையே தொழிலாக வைத்திருப்பவள் அதற்கே பயந்தவள் என்று தெரிந்தால் மாணவர்கள் சிரிப்பார்கள். பாம்புக்குப் பயந்தவள் பாம்புப் புற்றுக்குப் பக்கத்தில் குடியிருக்கிற கதைதான். ஏன் இந்தத் துறையை எடுத்தீர்கள் என்று யாராவது கேட்டால் சுற்றுச்சூழல், விவசாயம் என்று இரண்டு வார்த்தை சொல்லி வைப்பேன். உண்மையான காரணம் என் வீட்டுக்காரர். அவர் முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டுகிறவர்.

மீனுக்கு ஐஸ் வேண்டும், ஐஸுக்கு அமோனியா வேண்டும். குழாய்களுக்குள் ஓடி, தண்ணீரின் சூட்டை உறிஞ்சி, அதைக் கட்டியாக்குவது அதுதான். குழாய்க்குள் இருக்கும்வரை நல்ல பிள்ளை. வெளியே வந்தால் ஈரம் இருக்கிற இடத்தைத் தேடிப் போய் ஒட்டி எரிக்கும். கண், மூக்கு, தொண்டை, நெஞ்சு என்று மனித உடம்பில் அதற்குத் தோதான இடங்கள் நிறைய.

இயந்திரத்துக்குள் காற்றுச் சேர்ந்துவிட்டால் அதை இடையிடையே வெளியே விட வேண்டும். காற்றோடு அமோனியாவும் வரும். அதற்கு அவர்களுடைய முறை மிக எளிது. ஒரு ரப்பர் குழாயின் நுனியைத் தண்ணீர் வாளிக்குள் விட்டு வால்வைத் திறப்பார்கள். வாளி குமிழி விடும். குழாயைப் பிடித்திருக்கிறவர் வெங்காயம் வெட்டுகிறவர்களைப் போல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். பாதுகாப்பு என்று அங்கே இருந்தது அந்த முகத்தைத் திருப்புவது ஒன்றுதான். முதல்முறை அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவருக்கு என் பயம் ஒரு பகிடி.

“கரப்பானுக்கும் பயம், காஸுக்கும் பயம். எல்லாத்துக்கும் பயந்தா வன்னியில சீவிக்கேலுமே?” என்பார்.

“ஏலாதுதான். சாகலாம்,” என்பேன். எனக்குப் பயம் வந்தால் கூடவே கோபமும் வரும்.

அந்தக் கோபத்தில்தான் கரி வேலையைத் தொடங்கினேன். வட்டக்கச்சியில் ஓர் அரிசி ஆலைக்குப் பின்னால் உமி மலையாகக் குவிந்து கிடந்தது. இரண்டு சாக்கு அள்ளிக்கொண்டு வந்தேன். உமியைக் காற்றுப் படாமல் சுட்டால் கரியாகும். அந்தக் கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஒரு கைப்பிடிக் கரிக்குள் இருக்கிற துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட முடிந்தால் ஒரு வயலை மூடிவிடலாம். வாயு அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் எண்ணம்.

ஒட்டவில்லை. கரியைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து ஒரு பக்கத்தால் அமோனியாவை விட்டு, மறுபக்கத்தில் ஒரு துண்டுக் கடதாசி வைப்போம். செவ்வரத்தம்பூவின், அதாவது செம்பருத்தியின், சாற்றில் தோய்த்துக் காயவைத்த கடதாசி. கடையில் விற்கிற சோதனைத் தாள் கிடைக்காத காலத்தில் பழகியது. பிறகு அதுவே எங்களுக்குக் கைவந்துவிட்டது. அமோனியா பட்டால் ஊதா நிறம் பச்சையாகிவிடும். முதல் கரியில் நான் கதிரையை இழுத்து உட்காரும் முன்பே கடதாசி பச்சை. அமோனியா அந்தக் கரிக்குள் சந்தைக்குள் போவதுபோல் போய் மறுபக்கத்தால் வந்துவிட்டது.

பிறகு உமியை அமிலத்தில் ஊறவைத்துச் சுட்டேன். துளையும் கூடியது, பிடியும் கூடியது. ஆனால் கரி மாவாக இருந்தால் நன்றாகப் பிடிக்கும், காற்றுப் போகாது. குறுணியாக இருந்தால் காற்றுப் போகும், பிடிப்புக் குறையும். மாவைக் கஞ்சி விட்டுப் பிசைந்து உருட்டிப் பார்த்தேன். சேலைக்குப் போட்ட கஞ்சி மாதிரி அது துளைகளையெல்லாம் மொடமொடவென்று அடைத்துவிட்டது. கடைசியில் கொஞ்சம் களிமண்தான் கைகொடுத்தது. இதற்கே வருடக்கணக்காயிற்று.

இதற்குள் இன்னொரு சிக்கல். பிடித்த அமோனியாவைத் திரும்ப எடுத்தால் அது உரம். யூரியா கிடைக்காமல் எங்கள் ஆட்கள் வெறும் வயலைப் பார்த்துக்கொண்டு நின்ற காலம் ஒன்று இருந்தது. அப்போதும் அந்த வாளித் தண்ணீர் வாய்க்காலில்தான் ஊற்றப்பட்டது. திரும்ப எடுக்க வேண்டுமென்றால், கொஞ்சம் சூடு காட்டியதும் பிடித்ததை விட்டுவிடுகிற கரி வேண்டும். மனிதரின் மூச்சைக் காக்க வேண்டுமென்றால் எந்தச் சூட்டிலும் விடாத கரி வேண்டும். ஒன்று கை விடுகிற கரி, மற்றது கை விடாத கரி. இரண்டையும் தனித்தனித் தகரங்களில் போட்டு வைத்தேன். கலந்துவிடுமோ என்ற பயத்தில் ஒன்றின் மூடிக்குச் சிவப்புப் பூச்சும் அடித்தேன்.

தொழிற்சாலையில் இரண்டு ரப்பர் முகமூடிகள் இருந்தன. மூக்குக்கு முன்னால் வருகிற வடிகட்டித் தகரங்கள் காலாவதியாகிப் பல வருடம். புதிது எங்கும் கிடைக்கவில்லை. நான் அவற்றில் ஒன்றைத் திறந்து, உள்ளே செத்துக் கிடந்ததைக் கொட்டிவிட்டு, என் கை விடாத கரியை நிரப்பினேன். உள்பக்கத்தில் ஒரு துண்டு செவ்வரத்தைக் கடதாசியும் வைத்தேன்.

“இது காத்து விடேக்க வாற கொஞ்ச காஸுக்கு மட்டும். இது குடை, வள்ளமில்லை. வெள்ளத்துக்குள்ள இதோட இறங்கக்கூடாது. விளங்குதோ?” என்று அவரிடம் சொன்னேன்.

“ஓம் டீச்சர்,” என்றார் பகிடியாக.

அதற்குப் பிறகு என் ஆய்வுக்கு முடிவு சொல்வது அவருடைய மூக்குத்தான். வேலை முடிந்து வந்ததும், “மணந்ததோ?” என்று கேட்பேன். “கடைசியில கொஞ்சம்,” என்பார். நான் கரியை மாற்றுவேன். “இண்டைக்குத் தொடக்கத்திலேயே மணந்தது,” என்பார். எனக்குக் கோபம் வரும், திரும்ப மாற்றுவேன். எங்கள் ஆய்வுகூடத்துக் கருவிகள் எதுவும் அவர் மூக்கின் கிட்டவும் வராது.

ஒரு நாள் காலை நான் புதுக் கரியோடு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். வாளிக்குப் பதிலாக ரப்பர் குழாயின் நுனியில் நான் பூட்டியிருந்த, கை விடுகிற கரி அடைத்த தூணை மாற்றுவதற்காக. வெளி மேடையில் பெண்கள் மீன் பெட்டிகளுக்கு ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி அவர்களோடு நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இந்த ஊர் முஸ்லிம். இளம் வயதில், யுத்தத்தின் நடுவே, மற்ற முஸ்லிம்களோடு இங்கிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் காலம் கழித்து, யுத்தம் முடிந்த பிறகு திரும்பி வந்து இந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியவர். என் வீட்டுக்காரர் இயந்திர அறை வாசலில் கை துடைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே ஏதோ வெடித்தது.

திரவ அமோனியா நிற்கிற தாங்கியின் பக்கத்தில் மட்டம் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதுதான் வெடித்தது என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு அது எதுவும் தெரியாது. நான் சீமெந்துத் தரையில் குப்புறக் கிடந்தேன். கைகள் இரண்டும் பிடரியில். வாய் திறந்தபடி. மேடையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அப்படியே கிடந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. யுத்தத்தில் செல்லடிக்குள் வளர்ந்த உடம்பு, சத்தம் கேட்டால் தானாக நிலத்தைத் தேடும்.

சூடான அமோனியா மேலே போய்விடும். ஆனால் திரவமாகக் கொட்டுகிற அமோனியா அப்படியல்ல. பனிக்கட்டியை விடக் குளிர்ந்த புகாராகி, மூடுபனி மாதிரி நிலத்தோடு நிலமாக ஊர்ந்து வரும். நிற்கிறவனுக்கு ஓட நேரம் இருக்கும், படுத்தவனுக்கு இருக்காது. இதை நான் வகுப்பில் படிப்பிக்கிறவள். அந்த வெள்ளைப் புகார் இயந்திர அறை வாசலைத் தாண்டி என் கண் மட்டத்தில் ஊர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நான் படுத்திருந்தேன். உடம்பு எழும்ப மறுத்தது. அப்படி ஒரு பயத்தை நான் கடைசி யுத்தத்திலும் பட்டதில்லை. அன்று தப்ப வழி தெரியாமல் கிடந்தோம். இன்று வழி தெரிந்தும் கிடந்தேன்.

மூக்குக்குள் ஊசி ஏறியது போல் மணம் வந்ததும்தான் எழுந்தேன்.

“எழும்புங்கோ! படுக்காதேங்கோ! காத்து வாற பக்கம் ஓடுங்கோ!” என்று கத்தினேன்.

யாரும் அசையவில்லை. எனக்குக் கிட்டக் கிடந்த வயதான பெண் என் சேலைக் கரையைப் பிடித்து இழுத்தா.

“படு பிள்ளை, படு! ரெண்டாவது வரும்!” என்றா.

நின்றுகொண்டிருந்தது முதலாளி ஒருவர்தான். யுத்தக் காலம் முழுக்கப் புத்தளத்தில் இருந்தவருக்கு எங்கள் பழக்கம் உடம்பில் ஏறவில்லை. அவர் ஓடி வந்து ஒவ்வொருவராகத் தோளில் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். “செல் இல்ல, காஸ்! எழும்புங்க! கடல் பக்கம் போங்க!” என்று அவர் போட்ட சத்தத்தில்தான் பெண்கள் எழுந்து ஓடினார்கள். நானும் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

திரும்பிப் பார்த்தபோது என் வீட்டுக்காரர் முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் குழாயின் மேலேயும் கீழேயும் இரண்டு வால்வுகள் உண்டு. அவற்றை மூடாவிட்டால் தாங்கி முழுவதும் கொட்டிவிடும், ஊருக்கே போகும். அது எனக்கும் தெரியும்.

“வேண்டாமப்பா! அது தாங்காது! அது தாங்காது!” என்று அலறினேன்.

அவர் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் கரியை நான் சுட்டேன். அதற்குள் எவ்வளவு கொள்ளும் என்று எனக்குத் தெரியும். ஆய்வுகூடத்தில் மெல்லிய வாயுவை விட்டு, கடதாசி நிறம் மாறும்வரை எத்தனையோ முறை காத்திருந்தவள். உள்ளே இருந்தது மெல்லிய வாயு அல்ல. கரி மளமளவென்று நிரம்பும். நிரம்ப நிரம்பச் சூடாகும். அதற்குப் பிறகு அது வெறும் தகரம். சிவப்பு மூடித் தகரத்திலிருந்துதான் நிரப்பினேனா என்ற சந்தேகமும் அப்போது வந்து சேர்ந்தது. அதிலிருந்துதான் நிரப்பினேன், நிச்சயமாக நிரப்பினேன், ஆனாலும் நெஞ்சு நம்பவில்லை. அரண்டவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

முதலாளி தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து வாசலில் மழை மாதிரித் தூவப் பிடித்தார். தண்ணீர் அமோனியாவைக் குடித்துவிடும். உள்ளே காஸ் சீறிய இரைச்சல் நின்றது. என் வீட்டுக்காரர் வால்வை மூடிவிட்டார் என்று விளங்கியது. வந்துவிடுவார் என்று நினைத்த அந்த நேரத்தில் உள்ளே இன்னொரு வெடி. சின்ன வெடிதான். அதிகுளிர் பட்ட ரியூப் லைட் ஒன்று வெடித்தது, அவ்வளவுதான்.

அவர் வரவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஒரு கணத்தில் தெரிந்துவிட்டது. அவர் படுத்துவிட்டார். அந்தப் புகார் தடித்துக் கிடக்கிற தரையில், கைகளைப் பிடரியில் வைத்து, மூன்றாவது சத்தத்துக்காகக் காத்துக் கிடக்கிறார். “எழும்புங்கோ! எழும்புங்கோப்பா!” என்று நான் கத்திய கத்தல் என் குரல் மாதிரியே இல்லை. உள்ளே ஓடப் போன என்னை முதலாளி இடுப்பில் பிடித்துத் தடுத்தார். வேறு நேரமென்றால் அந்த மனிதர் என் பக்கத்துக் கதிரையில்கூட இருக்கமாட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு கை வாசற்படியில் தெரிந்தது. தண்ணீரை அதன் மேல் பிடித்துக்கொண்டே இழுத்தெடுத்தோம்.

ஆஸ்பத்திரியில் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். ஒக்சிசன் கொடுத்தார்கள். தொண்டை வெந்து குரல் போயிருந்தது. முகமூடி இல்லாவிட்டால் ஆள் இல்லை என்று வைத்தியர் சொன்னார். முதலாளி அழுதுகொண்டு என்னைப் பார்த்து, “அல்லாஹ்வும் உங்கட கரியும்தான் மிஸ்,” என்றார். எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நான் வீட்டுக்கு வந்து முகமூடித் தகரத்தைத் திறந்தேன். கடதாசி கரும்பச்சையாக இருந்தது; நெடுநேரம் காஸ் பட்டால்தான் அந்த நிறம் வரும். அவர் வெளியே வருவதற்கு வெகுநேரம் முன்பே கரி கைவிட்டிருந்தது. இதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

அவர் தேறினார். குரல் கொஞ்சம் கரகரப்போடு திரும்பியது. முதலாளி கண்ணாடிக் குழாயை எடுத்தெறிந்துவிட்டு இரும்பால் காப்பிட்ட புதியது பூட்டினார். கொழும்பிலிருந்து நல்ல முகமூடிகளும் எடுப்பித்தார். அவற்றின் வடிகட்டி தீரத் தீர வாங்க முடியாது என்பதால் காற்று விடுகிற வேலைக்கு மட்டும் என் கரியே என்று பேச்சு. நானும் விடவில்லை. பயம் என்னை ஒரு மாடு மாதிரி வேலை வாங்கியது. சுடுகிற சூட்டை மாற்றினேன், அமிலத்தை மாற்றினேன், களிமண்ணைக் குறைத்தேன். அந்தக் கரும்பச்சையை இன்னொரு முறை பார்க்கப் பயந்து, தகரத்துக்குள் கடதாசி வைப்பதை மட்டும் விட்டுவிட்டேன்; அவர் மூக்குப் போதும் என்றிருந்தேன். அவர் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் மாலை, வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்டேன்.

“மணந்ததோ?”

“இல்லை. ஒரு மணமுமில்லை.”

அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கரியை மாற்றாமல் விட்டுப் பார்த்தோம். அப்போதும் இல்லை என்றார். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக நான் நிம்மதியாக நித்திரை கொண்டேன். பஸ்ஸில் கிளிநொச்சிக்குப் போகும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மீன் வாங்கி வந்தார். தண்ணீரூற்று ஊரில் எங்கள் வீட்டுப் படலையை அவர் திறக்கும்போதே எனக்கு மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. மீன் அழுகிப் போயிருந்தது. நாள் முழுவதும் மீனுக்குள்ளேயே நிற்கிற மனிதர். முற்றத்தில் நின்றே பக்கத்து வீட்டு மீனின் வயதைச் சொல்வார். அவரை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்தேன்.

“ஆரப்பா இந்தச் செத்த வீட்டை உங்கட தலையில கட்டினது?” என்றேன்.

“என்ன கதை கதைக்கிறீர்? இப்ப பிடிச்ச மீன்,” என்றார். பையைத் தூக்கி, மூக்கோடு வைத்து, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். “நல்ல மீன்தானே?”

குசினி வாசற்படியிலேயே இருந்துவிட்டேன். மணமில்லை, மணமில்லை என்று அவர் சொன்ன அத்தனை மாலையும் என் கண்முன் வந்தன. நான் துள்ளிக் குதித்த மாலைகள். கரி நிரம்பியிருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார். இனி கண் எரிந்தால்தான் அவருக்குக் காஸ் தெரியும். கண் எரியும்போது நேரம் கடந்திருக்கும்.

“எப்ப தொட்டு?” என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். “ஆஸ்பத்திரியால வந்த நாள் தொட்டு.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னா நீர் வேலைக்கு விடமாட்டீர். எனக்கு வேற என்ன தெரியும்?” பையின் வாயைச் சுருட்டி மூடினார். “மணம் தெரியாட்டி என்ன? உம்மட கரி இருக்குத்தானே.”

அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு வாழ்க்கையில் யாரும் சொன்ன எதுவும் அவ்வளவு பயத்தைத் தந்ததில்லை. நான் அந்த மீனைக் கொண்டுபோய் வளவில் குழி வெட்டித் தாட்டேன்.

மறுநாள் அவர் மோட்டார் சைக்கிளை எடுத்தபோது நானும் பின்னால் ஏறினேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. தொழிற்சாலை வாசலில் நிறுத்தினார். இறங்காமலே கேட்டார்.

“முதலாளியிட்டச் சொல்லப் போறீர், என்ன?”

“ஓம்.”

சண்டை பிடிப்பார் என்று நினைத்தேன். பதிலுக்கு நாலு வார்த்தை ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் என்ஜினை நிறுத்திவிட்டு, இயந்திர அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லும். அப்பிடியே, அந்தப் பின்பக்க வால்வையும் ஆரையாவது மணந்து பாக்கச் சொல்லும். ரெண்டு மூண்டு நாளா அதில கசியுதோ எண்டு எனக்கு ஒரு சந்தேகம். எனக்குத் தெரியேல்லை.” கரகரத்த குரல் இன்னும் தாழ்ந்தது. “உள்ளுக்குப் போக ஒவ்வொரு நாளும் பயமாக் கிடக்கப்பா.”

கலியாணம் கட்டிய நாள் முதல் அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அவர் கைப்பிடியை விடாமல் அப்படியே இருந்தார். நான் இறங்கி முதலாளியின் அறைக்கு நடந்தேன்.